திருச்சி வானம் – 9: ரிவெட் அடித்த கையும் கையெழுத்திட்ட கையும்

அரியமங்கலத்திலிருந்து தெற்கே போய்த் தஞ்சாவூர் ரயில் பாதையைத் தாண்டினால் பொன்மலை. தென்னிந்திய ரயில்வே கம்பெனி தன் பணிமனையை 1920-களின் கடைசியில் நாகப்பட்டினத்திலிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்த கதையைத் தொடரின் தொடக்கத்திலேயே பார்த்தோம். நீராவி எஞ்சினைப் பிரித்துப் போட்டு, துடைத்து, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் பூட்டித் தண்டவாளத்தில் ஏற்றிவிடுவது அதன் தொழில். இரண்டாம் உலகப் போர் வந்ததும், தண்டவாளத்தில் ஓடாத ஒன்றும் அந்தப் பணிமனையின் பொறுப்பில் வந்து சேர்ந்தது. பிரிட்டிஷ் விமானப் படையின் போர் விமானங்களைப் பழுது பார்க்கும் வேலை பொன்மலைக்குக் கொடுக்கப்பட்டது.

விமானம் ஒருவருடையது, பட்டறை இன்னொருவருடையது. பராமரிப்பை வெளியே கொடுப்பது என்று இன்று பெரிதாகப் பேசப்படும் ஏற்பாடு நம்மூரில் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. அதே காலத்தில் பெங்களூரிலும் இதுதான் நடந்தது. வால்சந்த் ஹீராசந்த் 1940-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை, போரின் நடுவில் அமெரிக்க ராணுவ விமானங்களைப் பழுது பார்க்கும் தளமாகவே மாறிப்போனது. அன்றைக்கு அந்நிய விமானங்கள் பழுது பார்த்துக்கொள்ள நம் நாட்டில் இறங்கின. இன்று நம் விமானங்கள் பெரிய வேலைகளுக்கு அந்நிய நாட்டுப் பட்டறைகளுக்குப் போகின்றன. இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நேர்ந்தது, திருச்சியில் ஏறி உட்காரும் பயணிக்கு அதனால் என்ன என்பதுதான் இந்த வாரக் கதை.

ஒரு விமானம், ஆயிரம் தாள்

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். விமானப் பராமரிப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று, விமானம் வந்து நின்று மீண்டும் கிளம்புவதற்குள் விமான நிலையத்திலேயே நடப்பது. டயரைப் பார்ப்பார்கள், எண்ணெய் அளவைப் பார்ப்பார்கள், விமானி டெக் லாக் என்ற பதிவேட்டில் குறித்து வைத்த கோளாறைச் சரி செய்வார்கள். இதற்கு லைன் மெயின்டனன்ஸ் என்று பெயர். இரண்டாவது, விமானத்தை ஹேங்கருக்குள் இழுத்துப் போய்ச் செய்வது. சில நூறு மணி நேரம் பறந்ததும் ஏ செக். ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சி செக். எல்லாவற்றிலும் பெரியது ஆறு முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். அப்போது இருக்கைகளையும் தரைப் பலகைகளையும் பெயர்த்து எடுத்துவிட்டு, உடம்பின் தகட்டில் எங்கே துரு, எங்கே கீறல் என்று அங்குலம் அங்குலமாகத் தேடுவார்கள். விமானம் வாரக் கணக்கில் பறக்காது. எஞ்சினுக்குத் தனிக் கணக்கு. அதை இறக்கையிலிருந்து கழற்றி அதற்கென்று உள்ள பட்டறைக்கு அனுப்புவார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள். வேலையைச் செய்தவர் அதில் கையெழுத்திட வேண்டும். முக்கியமான வேலையாக இருந்தால் இன்னொருவர் சரிபார்த்து அவரும் கையெழுத்திட வேண்டும். கடைசியில் லைசென்ஸ் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர், தொழிலில் ஏ.எம்.இ. என்று சொல்லப்படுபவர், இந்த விமானம் பறக்கத் தகுதியானது என்று எழுதிக் கையெழுத்திடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் நகரக் கூடாது. விமானியையாவது பயணி எப்போதாவது வாசலில் பார்த்து வணக்கம் சொல்லிவிடலாம். ஏ.எம்.இ.யை அவர் பார்ப்பதே இல்லை. ஆனால் முப்பதாயிரம் அடி உயரத்தில் அவர் நம்பி உட்கார்ந்திருப்பது அந்தப் பேனாவைத்தான். பராமரிப்பின் வரலாறு என்பது ஒரு வகையில் அந்தக் கையெழுத்தின் வரலாறு: யார் போட்டார், யார் பார்த்துப் போட்டார், யார் பார்க்காமலே போட்டார்.

சொந்த ஹேங்கர் காலம்

டாடா விமான சேவை 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து சென்னைக்குத் தபால் கொண்டு வந்தது. 1938-ல் அந்தத் தடம் கொழும்பு வரை நீண்டபோது வழியில் திருச்சியும் ஒரு நிறுத்தமானது. 1953-ல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமையானது. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா. இரண்டும் தங்கள் விமானங்களைப் பெரும்பாலும் தாங்களே பராமரித்தன. ஹேங்கர் அவர்களுடையது, கருவி அவர்களுடையது, பொறியாளர் அவர்களுடைய சம்பளப் பட்டியலில் இருப்பவர். அப்ரன்டிஸாகச் சேர்ந்தவர் அதே ஹேங்கரில் தலை நரைத்து ஓய்வு பெறுவார். பொன்மலைப் பணிமனைத் தொழிலாளி குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்த வாழ்க்கைமுறைதான் இது.

அது பொற்காலம் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 1978 புத்தாண்டு இரவில், ஏர் இந்தியாவின் பெருமையாக இருந்த 'எம்பரர் அசோகா' என்ற ஜம்போ விமானம் பம்பாயில் கிளம்பிய சற்று நேரத்தில் கடலில் விழுந்தது. 213 பேரும் இறந்தார்கள். விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கருவி பழுதானதும், இருட்டில் விமானி திசை தடுமாறியதும் சேர்ந்து அதை வீழ்த்தின. சொந்த ஹேங்கர் இருந்தால் மட்டும் விபத்து வராது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அமைப்பில் ஒரு கேள்விக்கு உடனே பதில் கிடைத்தது. இந்த வேலையைச் செய்தது யார் என்று கேட்டால், அதே கட்டடத்தில் ஒருவர் எழுந்து நிற்க வேண்டியிருந்தது.

பறந்து போன பட்டறை

1994-ல் விமானக் கழகங்கள் சட்டம் நீக்கப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் ஜெட், டமானியா, மோதிலுஃப்ட் போன்ற தனியார் பெயர்கள் வானில் ஏறின. இவற்றுக்கும், பின்னால் வந்த மலிவுக் கட்டண நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. பறந்த விமானங்களில் பெரும்பாலானவை அவர்களுடையவை அல்ல. அயர்லாந்து போன்ற இடங்களில் அலுவலகம் வைத்திருக்கும் குத்தகை நிறுவனங்களிடமிருந்து மாத வாடகைக்கு எடுக்கப்பட்டவை.

பராமரிப்பு கடல் கடந்ததற்கு இந்தக் குத்தகை ஒரு பெரிய காரணம். எட்டு, பத்து ஆண்டுகள் கழித்து விமானத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, குத்தகைக்காரர் முதலில் கேட்பது காகிதத்தை. எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது, எந்தப் பட்டறையில், அந்தப் பட்டறைக்கு அமெரிக்க அல்லது ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பின் அங்கீகாரம் இருந்ததா? இல்லையென்றால் விமானத்தின் மதிப்பு விழுந்துவிடும். அந்த அங்கீகாரம் பெற்ற பெரிய ஹேங்கர்கள் இந்தியாவில் குறைவு. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, அபுதாபி, அம்மான், இஸ்தான்புல் ஆகிய இடங்களில் அவை இருந்தன. உலகப் பராமரிப்புத் தொழிலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு தன்னிடம் நடப்பதாகச் சிங்கப்பூர் சொல்லிக்கொள்கிறது. திருச்சிக்காரர் பிழைக்கப் போகும் ஊர்களுக்கே, அவர் ஏறும் விமானங்களில் சிலவும் உடம்பு சரி செய்துகொள்ளப் போயின.

இரண்டாவது காரணம் வரி. ஜிஎஸ்டி வந்தபோது உள்நாட்டில் விமானம் பராமரிக்கும் சேவைக்கு 18 விழுக்காடு விதிக்கப்பட்டது. உதிரிப் பாகங்களுக்கு இறக்குமதித் தீர்வை, ஹேங்கர் நிற்கும் நிலத்துக்கு விமான நிலையம் கேட்கும் பங்கு என்று செலவு ஏறிக்கொண்டே போனது. எண்ணெய் செலவழித்து வெளிநாட்டுக்குப் பறந்து போய்ப் பழுது பார்த்துத் திரும்புவது, உள்ளூரில் பார்ப்பதைவிடக் கட்டுப்படியான காலமும் இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் அந்த வரி 5 விழுக்காடாகக் குறைந்தது. 2021 செப்டம்பரில் வந்த புதிய வழிகாட்டுதல் நிலத்துக்கான பங்குத் தொகையையும் கைவிட்டது.

கொழும்பின் கதை கொஞ்சம் வேறு. 1979-ல் ஏர் லங்கா தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்தான் விமானமும் குத்தகைக்குக் கொடுத்து, நிர்வாகமும் கற்றுக்கொடுத்தது. கடன் வாங்கிய கையோடு தொடங்கிய அந்த நிறுவனம், பிற்காலத்தில் மற்றவர் விமானத்தையும் பராமரிக்கும் அளவுக்குத் தனக்கென்று ஒரு பொறியியல் பிரிவை வளர்த்துக்கொண்டது. திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் ஊர் அது.

மூன்று விபத்துகள் சொல்வது

வெளிநாட்டில் பழுது பார்த்தால் ஆபத்து என்று ஒரு கட்சி. விமானம் பறப்பதற்கு ஒரே உலக விதிதான், எங்கே பார்த்தால் என்ன என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் உலக வரலாற்றில் மூன்று விபத்துகள் பதில் வைத்திருக்கின்றன.

1985 ஆகஸ்ட் 12. ஜப்பான் ஏர்லைன்ஸ் 123, டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு. 520 பேர் இறந்தார்கள், நால்வர் பிழைத்தார்கள். ஒரே விமானம் சம்பந்தப்பட்ட விபத்துகளில் இன்றுவரை இதைவிட அதிகம் பேர் இறந்தது இல்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் அந்த விமானம் தரையிறங்கும்போது வால் ஓடுபாதையில் உரசியிருந்தது. பின்புறத்து அழுத்தத் தடுப்புச் சுவரைச் சரி செய்தவர்கள், இணைப்புத் தகட்டைத் துண்டாக்கிப் போட்டதில் இரண்டு வரிசை ரிவெட் தாங்க வேண்டிய பாரத்தை ஒரே வரிசை தாங்கும்படி ஆகிவிட்டது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் அந்த ஒற்றை வரிசை பொறுத்துக்கொண்டது. பிறகு பொறுக்கவில்லை. பழுது பார்த்தவர்கள் ஏதோ சின்னப் பட்டறைக்காரர்கள் அல்ல. விமானத்தைச் செய்த போயிங் நிறுவனமே அனுப்பிய குழு.

1996 மே 11. அமெரிக்காவின் வேல்யூஜெட் 592, மயாமியில் கிளம்பி எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்தது. 110 பேர் இறந்தார்கள். மலிவுக் கட்டண நிறுவனமான வேல்யூஜெட், பெரிய பராமரிப்பைச் சேபர்டெக் என்ற ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. காலாவதியான ஆக்சிஜன் ஜெனரேட்டர்களைக் கழற்றிய பிறகு அவற்றின் முனையில் பாதுகாப்பு மூடி போட வேண்டும். மூடிகள் கைவசம் இல்லை. ஆனால் மூடி போட்டாயிற்று என்று தாளில் கையெழுத்து மட்டும் விழுந்தது. அந்த ஜெனரேட்டர்கள் பெட்டியில் அடைக்கப்பட்டு, காலி என்று குறிக்கப்பட்டு, பயணிகள் விமானத்தின் சரக்கறைக்குள் ஏறின. அங்கே தீப்பற்றியது. விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் மூவரைக் குற்றம் சொன்னது: வேலையைச் சரியாகச் செய்யாத ஒப்பந்தக்காரர், அவரைக் கண்காணிக்காத விமான நிறுவனம், இருவரையும் கண்காணிக்காத அரசு அமைப்பு.

2003 ஜனவரி 8. ஏர் மிட்வெஸ்ட் 5481, அமெரிக்காவின் சார்லட் நகரில் கிளம்பியதும் மூக்கு செங்குத்தாக ஏறி விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். இரண்டு இரவு முன்னால் ஒரு பட்டறையில் வால் பகுதிக் கட்டுப்பாட்டுக் கம்பி சரி செய்யப்பட்டிருந்தது. ஏர் மிட்வெஸ்ட் அந்த வேலையை ஓர் ஒப்பந்த நிறுவனத்திடம் கொடுத்திருக்க, அந்த நிறுவனம் இன்னொரு நிறுவனத்திடமிருந்து ஆளை எடுத்திருந்தது. கம்பியை முடுக்கிய மெக்கானிக் அந்த வகை விமானத்தில் அந்த வேலையை அதற்கு முன் செய்ததில்லை. சில படிகளை விட்டுவிடலாம் என்று ஒத்துக்கொண்டவர் பக்கத்திலிருந்து அவருக்குக் கற்றுக்கொடுத்த ஆய்வாளர். வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவரும் அவரேதான்.

மூன்றில் ஒன்றுகூடக் கடல் கடந்து பழுது பார்த்ததால் வந்ததல்ல. மூன்றிலும் தூரம் இருந்தது, ஆனால் அது மைல் கணக்கில் இல்லை. விமானத்துக்குப் பொறுப்பானவருக்கும் ஸ்பானர் பிடித்தவருக்கும் நடுவே எத்தனை கை இருந்தது, அந்தக் கைகளை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதில் இருந்தது.

திருச்சிக்காரருக்கு இதைப் புரியவைக்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. திருவெறும்பூர் பெல் தொழிற்சாலை பாய்லருக்கான வேலைகளைப் பல ஆண்டுகளாகத் துவாக்குடி, அரியமங்கலம் வட்டாரத்துப் பட்டறைகளுக்குக் கொடுத்து வாங்கியிருக்கிறது. பாய்லர் வெடித்தாலும் உயிர் போகும். ஆகவே இந்திய பாய்லர் விதிகளின்படி தேர்வு எழுதித் தேறிய வெல்டர்தான் அழுத்தம் தாங்கும் இணைப்பைப் பற்றவைக்கலாம். அந்த இணைப்பை யார் வைத்தது என்பதற்கு அடையாளம் இருக்கும். முக்கியமான இணைப்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். வாங்குபவரின் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை சரக்கு லாரி ஏறாது. வேலை வெளியே போனது, பார்வை வெளியே போகவில்லை. வெளியே கொடுப்பதைப் பாதுகாப்பாக்குவது இந்த ஒன்றுதான்.

இரண்டு அக்டோபர்கள்

இனி நம்மூர் ஓடுபாதைக்கு வருவோம். 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737, 130 பயணிகளும் 6 ஊழியர்களுமாகத் துபாய்க்குக் கிளம்பியது. ஓடுபாதை முடிந்த பிறகும் அது போதிய உயரம் எழும்பவில்லை. தரையிறங்கும் விமானங்களுக்கு வழிகாட்டும் லோக்கலைசர் ஆன்டெனாவை உடைத்து, சுற்றுச்சுவரின் மேல்பகுதியையும் இடித்துக்கொண்டு இருட்டுக்குள் பறந்து போனது. விமானிகளுக்கு எல்லாக் கருவிகளும் சரியாகவே காட்டின. அரபிக்கடலின் மேல் போய்க்கொண்டிருந்த விமானத்தை மும்பைக்குத் திருப்பினார்கள். விடியற்காலையில் அது பத்திரமாக இறங்கியபோது அடிவயிறு கிழிந்திருந்தது. சக்கரத்தில் வேலிக் கம்பி சிக்கியிருந்தது. ஒருவருக்கும் காயமில்லை.

அன்றைக்கு ஊரே விமானியைத் திட்டியது. பின்னால் வந்த விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கை கதையைச் சற்று மாற்றியது. விமானம் வேகமெடுத்துக்கொண்டிருந்தபோது, கமாண்டரின் இருக்கைச் சாய்மானம் சட்டென்று பின்னால் சரிந்திருக்கிறது. அந்தத் தடுமாற்றத்தில் அவர் கை எஞ்சின் விசையைத் தன்னையறியாமல் பின்னுக்கு இழுத்துவிட்டது. எஞ்சினின் சக்தி குறைந்ததை இருவருமே கவனிக்கவில்லை. இறக்கை உடையவில்லை, எஞ்சின் நிற்கவில்லை. ஒரு நாற்காலியின் முதுகு சரிந்ததும், அதைத் தொடர்ந்து ஒரு கணம் கண் தவறியதும் 136 உயிரைச் சுவரின் உயரத்துக்குக் கொண்டு வந்து நிறுத்தின.

ஆறு ஆண்டு கழித்து, ஏறத்தாழ அதே தேதி. 2024 அக்டோபர் 11, மாலை 5.40. ஷார்ஜாவுக்குக் கிளம்பிய அதே நிறுவனத்தின் இன்னொரு 737-ல் ஹைட்ராலிக் கோளாறு. சக்கரத்தை மடக்கி விரிப்பதும், பிரேக்கும், இறக்கையின் மடிப்புகளும் அழுத்தம் ஏற்றிய அந்த எண்ணெயை நம்பித்தான் வேலை செய்கின்றன. முழுத் தொட்டி எண்ணெயோடு இறங்கினால் எடை தாங்காது. இந்த வகை விமானத்தில் எரிபொருளைக் காற்றில் கொட்டிவிடவும் வழியில்லை. ஆகவே இரண்டரை மணி நேரம் திருச்சி, புதுக்கோட்டை வானத்திலேயே வட்டமடித்து எண்ணெயைக் கரைத்தது. கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் வரிசை கட்டின. தொலைக்காட்சி நேரலையில் தமிழ்நாடே பார்த்துக்கொண்டிருக்க, எட்டேகால் மணிக்கு விமானம் வழக்கம்போல் இறங்கியது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் தப்பினர். விமானிகளைப் பாராட்டியது சரி. ஆனால் அந்த மாலை எழுப்பிய கேள்வி விமானியறையைப் பற்றியதல்ல, ஹேங்கரைப் பற்றியது.

இரண்டு சம்பவங்களிலும் வெளிநாட்டுப் பட்டறை எதன் பெயரும் அடிபடவில்லை. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 737-களுக்காகத் திருவனந்தபுரத்தில் இரட்டை ஹேங்கர் கட்டப்பட்டிருக்கிறது. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் 21 பேர் இறந்த விபத்திலும், கொட்டும் மழையில் விமானியின் கண்ணாடி வைப்பர் நின்றுபோனதை விசாரணை அறிக்கை பதிவு செய்திருக்கிறது. சுதேசி ஹேங்கர் என்பதால் மட்டும் நாற்காலியும் வைப்பரும் ஒழுங்காக வேலை செய்துவிடாது.

2025 கற்றுத் தந்தவை

வெளிநாட்டுப் பட்டறையை நம்புவதில் உள்ள சிக்கல் வேறொரு பக்கத்திலிருந்து வரக்கூடும் என்பதை 2025 காட்டியது. ஏர் இந்தியா தன் பெரிய போயிங் 777 விமானங்களில் சிலவற்றைத் துருக்கியின் டர்கிஷ் டெக்னிக் நிறுவனத்திடம் பராமரிப்புக்குக் கொடுத்துவந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் பாகிஸ்தானுடன் மோதல் மூண்டபோது துருக்கி எடுத்த நிலைப்பாடு இந்தியாவில் கசப்பை உண்டாக்கியது. துருக்கி தொடர்புடைய செலெபி என்ற விமான நிலையச் சேவை நிறுவனத்தின் பாதுகாப்பு அனுமதி ரத்தானது. அடுத்த மாதத் தொடக்கத்தில் ஏர் இந்தியாவின் தலைமை நிர்வாகி, பராமரிப்பு வேலையைத் துருக்கியிலிருந்து வேறு இடங்களுக்கு மாற்றப் போவதாகச் சொன்னார். பெரிய விமானத்துக்கான ஹேங்கர் இடம் மாதக் கணக்கில் முன்பதிவு செய்து வாங்க வேண்டியது. ஒரு வெளியுறவுச் சண்டை அந்தக் கணக்கைப் புரட்டிவிட முடியும் என்பது அப்போது தெரிந்தது.

சில நாட்களில், ஜூன் 12 அன்று, ஆமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர் தவிர எல்லோரும், தரையில் இருந்தவர்களும் சேர்ந்து 260 பேர் இறந்தார்கள். உடனே, அந்த விமானத்தைத் துருக்கியர்கள்தான் பராமரித்தார்கள் என்று ஒரு வதந்தி பரவியது. துருக்கி அரசு மறுத்தது. ஒப்பந்தம் 777-களுக்குத்தான், விழுந்ததோ 787. பிறகு வந்த முதற்கட்ட அறிக்கை, கிளம்பிய சில நொடிகளில் இரு எஞ்சினுக்கும் எரிபொருள் விடும் சுவிட்சுகள் நிறுத்தும் நிலைக்கு நகர்ந்ததைச் சொன்னது. விபத்து நடந்ததும் அந்நியரைச் சந்தேகிப்பது எளிது. அந்தச் சந்தேகத்துக்கும் உண்மைக்கும் தொடர்பு இருந்தாக வேண்டும் என்பதில்லை.

அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு செய்தி அவ்வளவு பரபரப்பாகவில்லை. ஆனால் இந்தத் தொடருக்கு அதுதான் முக்கியம். ஏர்பஸ் ஏ320 ஒன்றின் எஞ்சின் பாகங்களை ஐரோப்பிய அமைப்பு விதித்த காலத்துக்குள் மாற்றாமல், மாற்றியதுபோல் பதிவேட்டில் காட்டியதற்காக, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸை விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, மார்ச் மாதத்தில் கண்டித்திருந்தது. இதை ஜூலையில் ராய்ட்டர்ஸ் வெளிக்கொணர்ந்தது. பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றியபோது தேதி தவறிவிட்டது, தெரிந்ததும் சரி செய்துவிட்டோம், உரிய நடவடிக்கையும் எடுத்தோம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. யாரும் சாகவில்லை. ஆனால் வேல்யூஜெட்டின் ஆக்சிஜன் ஜெனரேட்டர்களுக்கு மூடி போட்டதாகக் கையெழுத்து விழுந்த தாளுக்கும் இந்தப் பதிவுக்கும் உறவு உண்டு: செய்யாத வேலைக்குச் செய்ததாகக் குறிப்பு. இதற்குக் கடல் தாண்ட வேண்டியிருக்கவில்லை.

திரும்பி வரும் ஹேங்கர்

இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. போயிங் விற்பனையோடு சேர்ந்து வந்த ஒப்பந்தப்படி நாக்பூரில் எழுந்த பெரிய ஹேங்கர் 2015-ல் ஏர் இந்தியாவிடம் வந்தது. ஹைதராபாத்தில் சாஃப்ரான் நிறுவனத்தின் லீப் எஞ்சின் பட்டறை 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. பெங்களூரில் சிங்கப்பூரின் எஸ்ஐஏ எஞ்சினியரிங் துணையோடு ஏர் இந்தியா ஹேங்கர்கள் கட்டுகிறது. தமிழ்நாட்டுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. 1951-ல் தொடங்கிய ஏர் ஒர்க்ஸ் நிறுவனம் ஓசூரில் ஐரோப்பிய அங்கீகாரத்தோடு பயணிகள் விமானங்களைப் பராமரித்துவருகிறது. 2024 டிசம்பரில் அதானி குழுமம் அதை வாங்க ஒப்பந்தம் போட்டது. பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை நிர்மலா சீதாராமன் 2019 ஜனவரியில் தொடங்கிவைத்தது நம் திருச்சியில்தான். அதன் ஐந்து மையங்களில் திருச்சியும் ஒன்று. பொன்மலை மதிலுக்குள் போர் விமானம் பழுது பார்த்த ஊருக்கு, ஒரு நாள் ஹேங்கர் வேண்டும் என்று கேட்க வரலாற்று உரிமை இருக்கிறது.

கேட்கட்டும். ஆனால் ஹேங்கர் உள்ளூருக்கு வந்துவிட்டால் பாதுகாப்பும் கூடவே வந்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 2024-ல் அமெரிக்கா இயற்றிய சட்டம், தன் விமானங்களைப் பராமரிக்கும் வெளிநாட்டுப் பட்டறைகளுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் ஆண்டுதோறும் ஆய்வாளர் போக வேண்டும் என்கிறது. வேலை எங்கே நடந்தாலும் பார்வை கூடவே போக வேண்டும் என்பதைப் பல சாவுகளுக்குப் பிறகு எழுத்தில் வைத்தார்கள். நம் நிலை என்ன? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்ற நிலைக்குழு தந்த கணக்குப்படி, டிஜிசிஏவுக்கு அனுமதிக்கப்பட்ட இடங்களில் ஏறத்தாழப் பாதி காலி. இந்த அமைப்புதான் இஸ்தான்புல் ஹேங்கருக்கும் அங்கீகாரம் கொடுக்க வேண்டும், திருவனந்தபுரம் ஹேங்கரையும் சோதிக்க வேண்டும், ஏ.எம்.இ.க்கு லைசென்ஸும் கொடுக்க வேண்டும், செய்யாத வேலைக்கு விழுந்த கையெழுத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். சிங்கப்பூரா ஓசூரா என்று நாம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கும்போது, இரண்டு ஊருக்கும் போய்ப் பார்க்க வேண்டியவரின் நாற்காலி காலியாக இருக்கிறது. அதை நிரப்ப ஹேங்கர் கட்டும் பணத்தில் ஒரு சிறு பகுதி போதும். ஆனால் திறப்பு விழா நடத்தி ரிப்பன் வெட்ட அதில் எதுவும் இல்லை.

அடுத்த வாரம் ஹேங்கரை விட்டு வெளியே வருவோம். விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும் குப்பையைக் கொட்டக் கூடாது என்று 1937-ஆம் ஆண்டு விமான விதிகளின் 91-ஆம் விதி சொல்கிறது. அரியமங்கலம் குப்பைக் கிடங்கு அந்த வட்டத்துக்குள்தான் பல பத்தாண்டுகளாக மலையாக நின்றது. விதி இருந்தும் அந்த மலை எப்படி வளர்ந்தது, அதைக் கரைக்க எத்தனை பேர் எத்தனை ஆண்டு மல்லுக்கட்டினார்கள் என்பதைப் பார்ப்போம்.

(தொடரும்)